உங்களுக்கென்று கீறிய விறகு

மாமா,

இன்று காலை பின்பக்கத்து விறகுச் சாய்ப்பைப் பெருக்கினேன். ஒரு வருடத்துக்கு மேலாகத் தார்ப்பாய் மூடிக் கிடந்த மூலை வெறுமனே இருக்கிறது. தரையில் மாம்பட்டைத் தூளும் சிராயும் ஒரு முறம் அளவுக்குச் சேர்ந்தன. அள்ளும்போது அந்த வாசம் வந்தது. காய்ந்த மாமரத்துக்கு லேசான புளிப்பு வாசம் உண்டு. உங்கள் பனியனைத் துவைக்க எடுக்கும்போதெல்லாம் என் கையில் ஒட்டிக்கொள்ளும். முறத்தோடு அப்படியே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்த பிறகுதான் எழுந்து போனேன்.

விறகு போய்விட்டது மாமா. நீங்கள் யாருக்கென்று கீறி அடுக்கி வைத்தீர்களோ அவருக்குப் போகவில்லை. பக்கத்து வீட்டு வாத்தியாருக்குப் போயிற்று. ஆமாம், அவருக்குத்தான். கொடுத்தது நான்தான். நன்றாக நின்று எரிந்ததாம், வாத்தியார் மகன் வந்து சொல்லிவிட்டுப் போனான். ஏசுவதானால் முழுவதையும் கேட்டுவிட்டு ஏசுங்கள்.

நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது நீங்கள் மாஞ்சோலை மலைப் பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்தீர்கள். கல்லிடைக்குறிச்சியில் உங்களை ‘மலை டிரைவர்’ என்றால்தான் தெரியும். அந்த வளைவுகளில் வருடக்கணக்கில் ஸ்டியரிங்கை ஒடித்து ஒடித்து உங்கள் முன்கை இரண்டும் உலக்கை மாதிரி ஆகியிருந்தன. ஓய்வு பெற்று வந்த முதல் வாரம் பேப்பர் படித்தீர்கள். இரண்டாவது வாரம் பேப்பரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தீர்கள். அப்புறம் ஒரு நாள் லோடு ஆட்டோவில் மரத்தடிகள் வந்து இறங்கின. கூடவே ஒரு கோடாலி. ஒரு பக்கம் வாய், மறு பக்கம் சம்மட்டி மாதிரி மொட்டை. அதை நகர்த்தி வைக்கலாம் என்று ஒரு நாள் தூக்கிப் பார்த்தேன், இடுப்புப் பிடித்துக்கொண்டது.

"எதுக்கு மாமா இவ்வளவு வெறகு? கேஸ் இருக்குல்லா?" என்று கேட்டேன்.

"ஸ்டியரிங்கு பிடிச்ச கை தாயி. சும்மா வச்சா நடுங்குது" என்றீர்கள்.

அன்றிலிருந்து இந்த வீட்டில் இரண்டு சத்தம். பின்கட்டு வராந்தாவில் என் தையல் மெஷின், அதற்கு நேர் எதிரே வேப்ப மரத்தடியில் உங்கள் கோடாலி. உங்கள் மகன் மஸ்கட்டில் இருக்கிறார். அத்தை போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மிச்சம் நீங்களும் நானும். நமக்குள் என்ன பேச்சு இருந்தது? "காப்பி வச்சிருக்கேன்", "சாப்பிட வாங்க", "மழை வரும் போல, துணிய எடு". ஒரு நாள் பேச்சை ஒரு பிளவுஸ் பிட்டில் எழுதிவிடலாம். ஆனால் நான் ஜாக்கெட் தைத்துக்கொண்டே உங்களைக் கேட்டுக்கொண்டுதான் இருப்பேன். கோடாலி மரத்தில் மாட்டிக்கொண்டால் ‘தொம்’ என்று அடைத்த மாதிரி கேட்கும். உடனே நீங்கள் அந்தத் தடியை ஏச ஆரம்பிப்பீர்கள். "சவத்து மூதி, பிளக்கியா இல்லியா?" பிளந்தால் ‘சட்’டென்று ஒரு சத்தம், இரண்டு துண்டும் இரண்டு பக்கம் விழும். அதைக் கேட்ட பிறகுதான் என் கால் மறுபடி மெஷினை மிதிக்கும். உங்களுக்கு இது தெரியாது. நானும் சொன்னதில்லை.

கீறிய விறகெல்லாம் எங்கே போகும்? கொஞ்சம் நம் வெந்நீர் அடுப்புக்கு. மிச்சம் கேட்டவர்களுக்கு. அம்மன் கோயில் கொடை விழாவுக்கு, தெருவில் கல்யாணம் வைத்தவர்களுக்கு, சடங்கு வீட்டுக்கு. வாங்க வந்தவர்களிடம் "காஞ்சிருக்கான்னு தட்டிப் பாத்துட்டு எடுவே" என்பீர்கள். அதில் மட்டும் உங்களுக்குப் பெருமை. இரண்டு துண்டை ஒன்றோடு ஒன்று தட்டினால் மணி மாதிரி கேட்க வேண்டும், இல்லாவிட்டால் கொடுக்க மாட்டீர்கள்.

தெருவில் உங்கள் விறகு வேண்டாம் என்றவர் ஒரே ஆள்தான். வாத்தியார். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், காலையில் கொஞ்சம் அதிகமாகத் தூங்க ஆசைப்பட்டார். அவர் கேட்டது அவ்வளவுதான், பாவம். ஒரு நாள் உங்கள் கோடாலியிலிருந்து தெறித்த சிராய் ஒன்று சுவரைத் தாண்டிப் போய் அவர் மனைவி, அந்த வீட்டு அத்தை, காயப்போட்டிருந்த கூழ் வத்தலில் விழுந்தது. வாத்தியார் சுவருக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார்.

"வேய், இது வீடா, மரம் அறுக்குத மில்லா? காலங்காத்தால மண்டைக்குள்ள வந்துல்லா இடிக்கி!"

நீங்கள் கோடாலியை இறக்காமலேயே சொன்னீர்கள்: "வெறும் மண்டைன்னா அப்படித்தான் வே சத்தம் கேக்கும்."

நான் தைத்துக்கொண்டிருந்த துணியை வாயில் திணித்துக்கொண்டேன். அதற்கப்புறம் நீங்கள் இருவரும் பேசவே இல்லை. பொங்கலுக்குக் கூட அவர்கள் வீட்டுக் கரும்பு சுவர் வழியாக என் கைக்குத்தான் வந்தது. அந்த வீட்டு அத்தைக்கும் எனக்கும் போக்குவரத்து இருந்தது, நீங்களும் வாத்தியாரும் தெருவில் எதிரே வந்தால் ஆளுக்கொரு பக்கம் வானத்தைப் பார்த்தீர்கள். வத்தலில் விழுந்த ஒரு சிராய்க்கு இவ்வளவு வருடம். ஆண்பிள்ளைகள் சண்டை போட்டால் அதை விடுவதற்கு ஒரு வழி வைத்துக்கொள்ள மாட்டார்கள் போல.

போன வருடத்துக்கு முந்தின வருடம் ஆடிக் காற்றில் வாய்க்கால் கரை மாமரம் சாய்ந்தது. அதன் தடிகளை நீங்கள் கொண்டு வந்து போட்டீர்கள். இரண்டு மூன்று நாள் கழித்துத் தைத்துக்கொண்டிருந்த என் கால் நின்றுவிட்டது. சத்தம் மாறியிருந்தது. தொம்மும் இல்லை, சட்டும் இல்லை. ‘ணங் ணங்’ என்று இரும்பில் இரும்பு அடிக்கும் சத்தம். எட்டிப் பார்த்தேன். தடியை நிற்க வைக்காமல் நீளவாக்கில் கிடத்தியிருந்தீர்கள். வரிசையாக இரும்பு ஆப்புகளைப் பதித்து, கோடாலியின் மொட்டைப் பக்கத்தால் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு போனீர்கள். காப்பியை எடுத்துக்கொண்டு வந்தேன்.

"என்ன மாமா இவ்வளவு நீளமாக் கீறுதீங்க? இது அடுப்புக்குள்ள போகாதே."

"அடுப்புக்கு இல்ல தாயி. இது என் வண்டிக்கு."

"எந்த வண்டிக்கு?"

"கடைசி வண்டிக்கு. அதுல நான் டிரைவர் இல்லல்லா? வெறும் டிக்கெட்டு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாய்விட்டுச் சிரித்தேன். வேறு மருமகளாக இருந்தால் காதைப் பொத்தியிருப்பாள், அச்சானியமாகப் பேசாதீங்க என்று அழுதிருப்பாள். நீங்களும் சிரித்தீர்கள். தம்ளரை வாங்கி, தடிமேல் உட்கார்ந்துகொண்டீர்கள்.

"இந்த வீட்ல ஒனக்குத்தான் சிரிக்கத் தெரியும். அதான் ஒன்ட்ட சொல்லுதேன். மத்தவன்ட்ட சொன்னா இப்பமே ஒப்பாரி வச்சிருவான்."

அப்புறம் கொஞ்ச நேரம் காப்பியைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தீர்கள். போய்ச் சேர்ந்த அத்தையின் பேச்சை நீங்கள் என்னிடம் எடுத்தது அந்த ஒரு தடவைதான்.

"ஒன் அத்தை போன அன்னைக்கு நல்ல மழ. பச்ச வெறகக் கொண்டாந்து போட்டுட்டானுவ. பிடிக்கவே மாட்டேன்னுட்டு. ஒரே பொகை. மண்ணெண்ணெய ஊத்து, ஊத்துன்னு ஊத்தி... நான் அங்கன நின்னு பாத்துக்கிட்டிருந்தேன் தாயி. எனக்கு அப்படி வேண்டாம். கேஸ் மயானமும் வேண்டாம். அந்த இரும்புப் பொட்டி, கண்ணாடி அடைச்ச பஸ் மாதிரி. காத்தாடப் போணும். இந்தா, கீறி வச்சிருதேன். ஞாபகம் வச்சிக்க, அம்புட்டுதான்."

"சரி மாமா" என்றேன்.

சரி என்றேன் மாமா. அந்தச் சரியைத்தான் இந்த ஒரு வருடமாக நான் மென்று முழுங்க முடியாமல் வைத்திருக்கிறேன்.

மாமரத்தை முழுக்கக் கீறி முடிக்க உங்களுக்கு ரொம்ப நாள் பிடித்தது. சாய்ப்பில் தென்னை ஓலைக்குப் பின்னால், தரையில் படாமல் செங்கல் வைத்து, குறுக்கும் நெடுக்குமாக அடுக்கினீர்கள். மேலே தார்ப்பாய். வெயில் அடித்தால் தார்ப்பாயை எடுப்பீர்கள், மேகம் கூடினால் மூடுவீர்கள். யாராவது கேட்டு வந்தால் முன்னால் இருக்கும் அடுப்பு விறகைக் கொடுத்துவிட்டு என் பக்கம் ஒரு பார்வை பார்ப்பீர்கள். எனக்கு மறுபடி சிரிப்பு வரும். கூட்டாகத் திருட்டுத்தனம் செய்கிறவர்கள் மாதிரி இருந்தோம். உண்மையைச் சொன்னால், இந்த வீட்டுக்கு நான் சொந்தக்காரி என்று எனக்குத் தோன்றியதே அந்த நாட்களில்தான்.

போன கார்த்திகையில், மழை விடாமல் பெய்த ஒரு காலையில், நெஞ்சு அடைக்கிறது என்றீர்கள். ஆட்டோ பிடித்து ஏற்றினேன். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் என் கையைப் பிடித்திருந்தீர்கள். அதற்குமேல் இல்லை.

உங்கள் மகன் மறுநாள் மத்தியானம்தான் வந்து சேர்ந்தார். அதுவரை உங்களைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தோம். வாசலில் போட்டிருந்த தகரப் பந்தலில் மழை கொட்டிக்கொண்டே இருந்தது. ஆண்கள் பந்தலில், பெண்கள் கூடத்தில். நான் இரண்டுக்கும் நடுவே நிலைப்படியில் நின்றிருந்தேன். உங்கள் அண்ணன், பெரிய மாமா, குடையை மடக்கிக்கொண்டே கேட்டார்கள்.

"வெறகுக்குச் சொல்லியாச்சாலே?"

"இந்த மழைல வெறகுக்கு எங்க போக பெரியப்பா? கேஸ்ல வச்சிருவோம். சட்டுனு முடிஞ்சிரும்" என்றார் உங்கள் மகன். முகமெல்லாம் வீங்கியிருந்தது. விமானத்திலேயே அழுதிருக்க வேண்டும்.

"ஒன் இஷ்டம்லே. அவன் ஏதாச்சும் சொல்லிருந்தானா?"

"எங்கிட்ட எங்க பெரியப்பா அப்பா பேசுனாங்க?"

பெரிய மாமா அதோடு விடவில்லை. கூடத்துப் பக்கம் திரும்பினார்கள். "வீட்ல யார்ட்டயாவது ஏதும் சொன்னானா?"

மழைச் சத்தம் மட்டும்தான். எனக்காகவே எல்லோரும் வாயை மூடிக்கொண்ட மாதிரி இருந்தது. நான் சொல்லவில்லை மாமா.

ஏன் என்று எத்தனையோ விதமாக எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்துவிட்டேன். பெண்பிள்ளை, அதுவும் மருமகள், சுடுகாட்டுப் பேச்சில் வாய் கொடுப்பதா என்று நினைத்தேன் என்பேன். புருஷன் நொந்துபோய் நிற்கிறார், அவர் சொல்லை மறிப்பதா என்று நினைத்தேன் என்பேன். அதெல்லாம் பாதி. நிஜம் வேறு. நான் சொன்னால் பெண்கள் கேட்பார்கள்: ‘மாமனார் தன் சாவுக்கு விறகு கீறினார், நீ பார்த்துக்கொண்டா இருந்தாய்?’ நான் சிரித்தேன் என்று எப்படிச் சொல்வது? ஊர் வாயில் விழ எனக்குப் பயம். அந்த நிமிடம் உங்களை நினைக்கவில்லை, என்னைத்தான் நினைத்தேன். இன்னொன்றும் உண்டு. இரண்டு நாளாக நின்ற கால். சட்டென்று முடிந்துவிடும் என்று அவர் சொன்னது என் காதுக்கு இதமாக இருந்தது.

வண்டி வந்தது. ஏற்றினார்கள். பின்னால் சாய்ப்பில் உங்கள் விறகு நனையாமல் இருந்தது.

பதினாறாம் நாள் விசேஷத்துக்குச் சமைக்க வந்த தவசுப்பிள்ளை நேரே சாய்ப்புக்குப் போனார். முன்னால் இருந்ததை எல்லாம் எடுத்த பிறகு தார்ப்பாயின் நுனியைத் தூக்கினார்.

"ஏ யப்பா! இப்படிக் காஞ்ச வெறகு இப்பம் எங்க கெடைக்கி! ரெண்டா வெட்டிட்டா அடுப்புக்கு ஆயிரும்."

"அதத் தொடாதீங்க அண்ணாச்சி, உள்ள நல்லபாம்பு இருக்கு" என்றேன். அந்த மனிதர் துள்ளிக் குதித்து நாலடி தள்ளி நின்றார். அன்று முழுக்க அவர் சாம்பார் கிண்டுவதைவிட சாய்ப்பைப் பார்த்ததுதான் அதிகம். இல்லாத பாம்புக்கு அவ்வளவு சுலபமாக வாய் திறந்தது. உள்ளதைச் சொல்லத்தான் திறக்கவில்லை.

உங்கள் மகனிடமும் சொல்லவில்லை. போனில் பேசும்போதெல்லாம் தொண்டை வரைக்கும் வரும். சொன்னால் அவர் உடைந்துபோவார், நாடு விட்டு நாடு இருந்துகொண்டு தனியாக அழுவார். அவருக்கும் இதில் பங்கு கொடுக்க எனக்கு மனசில்லை. "அந்த எடத்துல ஒரு பாத்ரூம் கட்டிருவோமா? அந்தப் பழைய வெறக யாருக்காச்சும் கொடுத்திரு" என்றார். மழை முடியட்டும் என்றேன். வெயில் வந்ததும் வெயில் தாழட்டும் என்றேன். அதற்கிடையில் உங்களைப் போலவே வெயிலுக்குத் தார்ப்பாயை எடுப்பதும் மேகத்துக்கு மூடுவதுமாக இருந்தேன். கரையான் வராமல் பொடி தூவினேன். நீங்களோ போய்விட்டீர்கள், இனி அது காய்ந்தென்ன நனைந்தென்ன? ஆனாலும் ஒரு தூறல் விழுந்தால் ஊசியை அப்படியே துணியில் விட்டுவிட்டு ஓடுவேன். அந்த விறகை என்ன செய்தாலும் தப்பு என்று இருந்தது. எரித்தால் தப்பு, கொடுத்தால் தப்பு, வைத்திருப்பதும் தப்பு.

நீங்கள் போன துட்டி கேட்க வந்தபோது வாத்தியார் வீட்டு அத்தை என் பக்கத்தில் உட்கார்ந்து காதோடு சொன்னார்கள்: "சத்தம் நிக்கலன்னு இத்தன வருசம் ஏசுனாக. இப்பம் சத்தத்தக் காணலன்னு ஏசுதாக. காலைல முழிப்பே வர மாட்டேங்காம்." எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அப்புறம் ஒரு நாள் வாத்தியாரே சுவர் ஓரம் வந்து, என்னைப் பார்க்காமல் வேப்ப மரத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"ஏம்மா, அந்தக் கோடாலி எங்க கெடக்கு?"

"உள்ளதான் சார் சாத்தி வச்சிருக்கேன்."

"எண்ணெ தடவி வை. துரு ஏறிரும்."

அவ்வளவுதான். போய்விட்டார். அதற்குள் அவரும் தளர்ந்திருந்தார், சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார்.

போன வாரம் அவர் போய்விட்டார். தூக்கத்திலேயே. அதே மாதிரி மழை மாமா, அதே மாதிரி தகரப் பந்தல். அவர் மகன் சென்னையிலிருந்து வந்து இறங்கி, இன்னும் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை, யாரோ கேஸ் மயானத்துக்குப் போன் போடட்டுமா என்று கேட்டார்கள். கூடத்தின் நடுவே அந்த வீட்டு அத்தை அவர் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார்கள். அழுது அழுது குரலே இல்லை. ஆனாலும் தலையை நிமிர்த்தினார்கள்.

"கேஸ் வேண்டாம். அவுக சொல்லிருக்காக. வெறகுலதான் வைக்கணும்."

"சரி அத்தே" என்றார்கள் ஆண்கள். அவ்வளவுதான். யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. யாரும் முகத்தைச் சுளிக்கவில்லை. நான் பெண்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தேன். இவ்வளவு லேசான காரியமா அது?

விறகுக் கடையிலிருந்து லோடு வந்தது. திறந்த வண்டி, மேலே மூட ஒன்றும் இல்லாமல் கொண்டு வந்திருந்தார்கள். கட்டைகளிலிருந்து தண்ணீர் சொட்டியது. ஒருவர் நகத்தால் பட்டையைக் கீறிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இது பிடிக்காது அண்ணாச்சி. டீசல்தான் ஊத்தணும்."

"வேற கடைல பாப்பமா?"

"எல்லாக் கடையும் இதே லெச்சணந்தான் வே. மழ விடாம எத்தன நாளாச்சி?"

வாத்தியார் மகன் அம்மாவைப் பார்த்தான். "அம்மா, பேசாம கேஸ்லயே..." என்று இழுத்தான். அத்தை வாசலில் கிடக்கும் அந்த ஈரக் கட்டைகளையே பார்த்தார்கள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். நீங்கள் காப்பியைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தீர்களே, அந்த அன்றைக்கு உங்கள் முகத்தில் பார்த்தது.

எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை. பெண்களைத் தாண்டி, நிலைப்படியைத் தாண்டி, பந்தலில் ஆண்கள் நடுவே நின்றேன்.

"எங்க வீட்ல காஞ்ச வெறகு இருக்கு."

என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. எல்லோரும் திரும்பினார்கள்.

"எவ்வளவு இருக்கும்மா?" என்று யாரோ கேட்டார்கள்.

"ஒரு ஆளுக்குக் காணும்."

உங்களுக்காகத் திறக்காத வாய் மாமா. வாத்தியாருக்காகத் திறந்தது. நீங்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டு கடந்து போன மனிதருக்காக. இதை எந்தக் கணக்கில் வைப்பீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் ஏசினாலும் நியாயம்தான். ‘அந்த ஆளுக்கா கொடுத்த? அதுக்கு நீ அடுப்புலயே வச்சிருக்கலாமே’ என்று நீங்கள் சொல்வது எனக்கு நன்றாகக் கேட்கிறது. ஆனால் அந்த இடத்தில் என்னால் இரண்டாவது தடவை சும்மா நிற்க முடியவில்லை.

தெரு ஆட்கள் பின்கட்டு வழியாக வந்தார்கள். தென்னை ஓலையை விலக்கி, தார்ப்பாயைத் தூக்கியதும் ஒருவர் இரண்டு துண்டை எடுத்து ஒன்றோடு ஒன்று தட்டினார். மணி மாதிரிதான் கேட்டது. ஆளுக்கு நாலைந்தாகத் தோளில் ஏற்றிக்கொண்டு, மேலே கோணிச் சாக்கைப் போட்டு மூடியபடி போனார்கள். சுவருக்கு அந்தப் பக்கம்தானே, சுற்றிப் போக வேண்டியதுகூட இல்லை, பாதியைச் சுவர் மேலேயே கை மாற்றினார்கள்.

பெரிய மாமாவும் கம்பை ஊன்றிக்கொண்டு வந்துவிட்டார்கள். ஒரு துண்டைக் கையில் எடுத்தார்கள். முழங்கையிலிருந்து விரல் நுனி வரை வைத்து அளந்தார்கள், மறுபடி அளந்தார்கள். செங்கல்லைப் பார்த்தார்கள். குறுக்கும் நெடுக்குமாக அடுக்கியிருந்த விதத்தைப் பார்த்தார்கள். எத்தனை பேரைக் கொண்டு போய் வைத்த கை அது.

"இது அடுப்பு வெறகு இல்லியே தாயி."

நான் தார்ப்பாயை மடிக்க ஆரம்பித்தேன்.

"யாருக்கு வச்சது?"

இனி மறைக்க என்ன இருக்கிறது? "மாமா தனக்குன்னு கீறி வச்சிருந்தாங்க. கேஸ்ல வைக்கக் கூடாது, இதுலதான்னு என்ட்ட மட்டும் சொல்லிருந்தாங்க" என்றேன்.

தூக்கிக்கொண்டிருந்தவர்கள் ஒரு நிமிடம் நின்றார்கள், அப்புறம் வேலையைப் பார்த்தார்கள். யாரும் என்னை நீ ஏன் பார்த்துக்கொண்டிருந்தாய் என்று கேட்கவில்லை. யாரும் வாயில் கை வைக்கவில்லை. ஒரு வருடமாக நான் பயந்த அந்தக் கேள்விகளில் ஒன்றுகூட வரவில்லை.

பெரிய மாமா மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். கோபமே இல்லை முகத்தில். கோபமாக இருந்தால் தேவலையே என்று இருந்தது.

"அன்னைக்கு நான் கேட்டேம்லா தாயி?"

"கேட்டீங்க மாமா."

"வீட்ல யார்ட்டயாவது சொன்னானான்னு, வாசல்ல நின்னு கேட்டேம்லா?"

"ஆமா மாமா."

அவர்கள் கையிலிருந்த துண்டைத் தடவினார்கள். ஓட்டில் மழை இரைந்துகொண்டிருந்தது. ரொம்ப மெதுவாகத்தான் சொன்னார்கள், குழந்தைக்குச் சொல்கிற மாதிரி.

"சொல்லிருந்தா அவன இதுல ஏத்திருப்போமே."

அப்புறம் அந்தத் துண்டைத் தன் தோளிலேயே வைத்துக்கொண்டு, கம்பை ஊன்றிப் பைய நடந்து போனார்கள்.

அவ்வளவுதான் மாமா. ஏற்றியிருப்பார்கள்.